நாலாவது வாரத்தில் கரண்டை நிறுத்தலாமா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டுகிற வேலை, முப்பது வருஷமாக முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு போடுகிற பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். ஆபரேஷனில் கன்னத்தின் அந்தப் பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதை கொண்டுவந்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது 30 தடவை கதிர்வீச்சு (நம் ஊர்ப் பேச்சில் கரண்டு), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ ஊசி. 18 முடிந்திருக்கிறது. வாய் முழுக்கப் புண், எச்சில்கூட இறங்கவில்லை, 61 கிலோ இருந்தவர் 54க்கு வந்துவிட்டார். "கரண்டு உள்ள எல்லாத்தையும் சுட்டுப் போட்டுது மக்கா, ஆபரேஷன்லயே எடுத்தாச்சுல்லா, பொறவு எதுக்கு இது?" என்கிறாராம் அத்தை. நிறுத்திவிடலாமா, அல்லது புண் ஆறுகிற வரைக்குமாவது இரண்டு வாரம் இடைவெளி விடலாமா, அப்பா மறுபடி மீன்கறி ஊற்றிச் சோறு தின்பாரா? இதுதான் கேள்வி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் கதிர்வீச்சு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தார், அதற்கும் வருகிறேன்.

நிறுத்தாதீர்கள். சிகிச்சை கொடுக்கிற டாக்டரே சொன்னால் ஒழிய, இடைவெளியும் விடாதீர்கள். சரிசெய்ய வேண்டியது சாப்பாட்டையும் வலியையும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காரணம் தெரியாவிட்டால் அத்தையிடம் உங்களால் பேசி நிற்க முடியாது.

நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சு மெஷினை இயக்குகிற டெக்னீஷியனாக முப்பது வருஷம் இருந்தேன், கோபால்ட் மெஷினில் தொடங்கி லீனியர் ஆக்சிலரேட்டரில் ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் தக்கலை. நாலாவது வாரம் என்றாலே எங்கள் அறை வாசலில் ஒரு தயக்கம் தெரியும். முதல் வாரம் சட்டையை மாட்டிக்கொண்டே கதை பேசிக்கொண்டு போன ஆள், நாலாவது வாரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் பேசுவார். பாதியில் நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் அந்த வாரத்தில்தான் நின்றார்கள்.

முதலில் "சுட்டுப் போட்டுது" என்கிற பேச்சு. நம் ஊரில் எல்லோரும் கரண்டு வைக்கிறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நோயாளியிடம் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உடம்புக்குள் போவது மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. ஒரு தடவைக்கு 2 கிரே (கதிரை அளக்கிற அலகு) கொடுக்கிறார்கள் என்றால், அது சதையின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. ஒரு வாய்ச் சூடு சாயா அதைவிட எத்தனையோ மடங்கு சுடும். கதிர் செய்கிற வேலை வேறு. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை அங்கங்கே அறுத்துவிடுகிறது. இரட்டை இழையில் ஒன்று மட்டும் அறுந்தால் செல் எளிதாக ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் சரிசெய்வது கடினம். அப்படி அடிபட்ட செல் அந்த நிமிஷமே சாவதும் பெரும்பாலும் இல்லை. வழக்கம்போல இருந்துகொண்டு, அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் செத்துப்போகிறது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அப்பாவின் வாய் ஏன் முதல் வாரம் நன்றாக இருந்து மூன்றாம் வாரம் இப்படி ஆனது என்பது தானாகவே விளங்கும். கன்னத்தின் உள்தோல் நிரந்தரமான தோல் இல்லை. மேலடுக்கு தினமும் உரிந்துகொண்டே இருக்கும், அடியில் இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் வாய்க்குள் முழுசாகப் புதுத் தோல் வந்துவிடும். கதிர் பட்டதும் அடியில் உற்பத்தி தடைபடுகிறது. மேலே தேய்வது மட்டும் நிற்கவில்லை. கையிருப்பு இருக்கிற வரை எதுவும் தெரியாது. கையிருப்பு தீர்ந்ததும் தோல் மெலிந்து, சிவந்து, பிறகு புண்ணாகிறது. ஆகவே இன்று நீங்கள் பார்க்கிற புண், இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய கதிரின் விளைவு. இன்று நிறுத்தினாலும் நாளை அது ஆறப் போவதில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் இதே கஷ்டம் இருக்கும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "முடிஞ்சுதே, இன்னும் ஏன் கூடுது?" என்று போன் செய்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம். எல்லாம் எடுத்தாச்சே, பொறவு எதுக்கு?

நியாயமான கேள்விதான். சர்ஜன் எடுத்தது கண்ணுக்கும் கைக்கும் தெரிந்ததையும் அதைச் சுற்றி ஓரமாகக் கொஞ்சத்தையும். ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்குள் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். அந்தக் கணக்கில் 10 லட்சம் செல்கள் சேர்ந்திருந்தாலும் அது ஒரு மில்லிமீட்டர்ப் பொட்டுதான், கடுகைவிடச் சின்னது. எந்த ஸ்கேனிலும் வராது. எடுத்த நெறிக்கட்டியைப் பரிசோதித்ததில் நோய் இருந்தது, அல்லது ஓரம் போதாமல் இருந்தது என்பது போன்ற ஒரு காரணம் இருந்தால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் கதிர்வீச்சு சொல்வார்கள். சிஸ்பிளாட்டினையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், மிச்சம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பயாப்சி முடிவை எடுத்துப் பாருங்கள், அதில் காரணம் எழுதியிருக்கும்.

அந்த 10 லட்சத்தை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் ஏறத்தாழ பாதி சாகும். முதல் தடவை 5 லட்சம் மிஞ்சும், அடுத்து இரண்டரை லட்சம், அப்படியே போனால் 18 தடவை முடியும்போது மிஞ்சுவது நாலே நாலு செல். அடடா, நாலுதானே என்று தோன்றும். புற்றுநோய் மறுபடி வளர ஒன்று போதும். அதுவும் முதலில் இருந்தது 10 லட்சம்தான் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? 10 கோடியாக இருந்தால் இப்போது இன்னும் நானூறு நிற்கும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு தடவைகள் யாருக்கும் கண்ணில் படாத மிச்சத்தைத் துடைக்கத்தான். உலகம் முழுக்க 30 தடவை, 60 கிரே என்று வைத்திருப்பது இதனால்தான்.

இரண்டு வார இடைவெளியில் உள்ள பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நாலு வாரம் ஆகும்போது, மிச்சமிருக்கும் நோய்ச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பிரியத் தொடங்கும். இதை 1988இல் விதர்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கணக்கோடு காட்டினார்கள். அதற்குப் பிறகு தவறுகிற ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட ஏறத்தாழ 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்தாலும், இரண்டு வாரத்தில் நாலு, முப்பது நாற்பதாகிவிடும். வாய்த் தோல் ஆறுகிற அதே இடைவெளியில் நோயும் தேறிக்கொள்கிறது. உங்கள் அப்பா இருப்பது சரியாக அந்த நாலாவது வாரத்தில். இரண்டாம் வாரம் ஒரு நாள் தவறுவதைவிட இனிமேல் ஒரு நாள் தவறுவது மோசம்.

அரசு விடுமுறை வரும், மெஷின் பழுதாகும், மழையில் பஸ் ஓடாமல் போகும். நம் கையில் இல்லாதவை. அப்படி ஒரு நாள் போனால் சனிக்கிழமை கொடுத்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தோ ஈடுகட்ட வழி இருக்கிறது. அதை டாக்டர் முடிவு செய்வார். நீங்கள் கேட்டுவைத்தால் போதும்.

சரி, ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் ஏன் 30 நாள் இழுக்கிறார்கள்? இதை உங்கள் அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, அவர் உங்களுக்குச் சொல்வார். ரப்பர் மரத்தில் அவர் எப்படி வெட்டுகிறார் என்று கேளுங்கள். பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். தடியைத் தொடாமல் வெட்டினால் பட்டை திரும்ப வளரும், மரம் வருஷக்கணக்காகப் பால் தரும். அவசரப்பட்டு ஆழமாகப் போனால் தடியில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு அங்கே கத்தி ஓடாது. நல்ல சதைக்கும் ஏறத்தாழ இதே நியாயம். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில், முக்கியமாக முதல் ஆறு மணி நேரத்தில், நல்ல செல்கள் தங்கள் டிஎன்ஏ காயத்தை ஒட்டிக்கொள்கின்றன. நோய்ச் செல்களுக்கு அந்த ஒட்டு வேலை அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. தினம் தினம் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசமாகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. 1920களில் பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்பவர் செம்மறிக் கடாக்களின் விதைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். விதையில் செல்கள் ஓயாமல் பிரியும், ஆகவே அதை வேகமாக வளரும் கட்டிக்குச் சமமாக வைத்துக்கொண்டார். மேல்தோல், சுற்றியுள்ள நல்ல சதைக்குச் சமம். ஒரே தடவையில் கொடுத்தபோது, விதையை மலடாக்கும் அளவுக்குப் போனால் தோல் பாழாகிவிட்டது. அதையே நாள்களில் பிரித்துக் கொடுத்தபோது கடா மலடானது, தோல் பிழைத்தது. இன்று காலை உங்கள் அப்பா வரிசையில் நின்றதற்கு அந்தக் கடாக்களும் ஒரு காரணம்.

இன்னொன்று, பிராணவாயு. செல்லில் பிராணவாயு இருந்தால்தான் கதிரின் அடி நிலைத்து நிற்கும். அது இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை, மூன்று மடங்கு கதிர் வேண்டும். ரத்தம் குறைந்து ஹீமோகுளோபின் இறங்கிப் போனவருக்கும், சிகிச்சை நடக்கும்போதே பீடி குடிப்பவருக்கும் பலன் குறைவதற்கு இது ஒரு காரணம். அப்பா பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் ஆஸ்பத்திரி வாசலில் ஒளிந்து நின்று பிடிப்பதும் கணக்கில் சேரும் என்று சொல்லிவையுங்கள்.

ஒரு சம்பவம். பல வருஷத்துக்கு முன் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், வல்லம் ஓட்டுகிறவர், இதே மாதிரி 20ஆவது தடவையோடு நின்றுவிட்டார். வீட்டில் வைத்து ஏதோ சூரணம் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் வாய்ப் புண் நன்றாக ஆறியது, அதனால் சூரணத்துக்குத்தான் பெயர் கிடைத்தது. மிச்சத்தை முடிக்க அவர் திரும்பி வந்தபோது, முகம் அசையாமல் பிடிக்கிற மாஸ்க்கை மாட்டிவிட்டவன் நான்தான். எட்டு மாதம் கழித்துத் தாடை ஓரத்தில் மறுபடி கட்டி வந்தது. இடைவெளி விடாமல் இருந்திருந்தால் வந்திருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. முழுசாக முடித்தவர்களுக்கும் திரும்பி வருவதுண்டு. ஆனால் அந்தப் பதினைந்து நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஆறு வாரத்தில் கதிர் செய்கிற வேலையைத் தாங்க உடம்பில் சரக்கு வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஏழு கிலோ போயிருக்கிறது, பத்துச் சதவீதத்துக்கு மேல். இது லேசான விஷயம் இல்லை. வாய் வழியாக இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடச் சொல்லிக் கேளுங்கள். டியூப் என்றாலே நம் ஊரில் கடைசிக் கட்டம் என்று நினைத்து அழுகிறார்கள். அப்படி இல்லை. ஆறேழு வாரம் வாய்க்கு ஓய்வு கொடுக்கிற ஒரு குழாய், அவ்வளவுதான். டியூப் இருந்தாலும் தினமும் நாலைந்து மடக்குத் தண்ணீராவது வாயால் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்குகிற தசை ஆறு வாரம் சும்மா இருந்தால் பிறகு வேலை செய்ய மறுக்கும்.

என்ன கொடுப்பது? கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டும் கொடுத்துவிட்டு "நல்லா குடிக்கிறாரு" என்பார்கள். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) குழைத்துக் கொடுப்பார்கள். மரச்சீனி வயிற்றை நிறைக்கும், புண்ணை ஆற்றாது, அதில் புரதம் மிகவும் குறைவு. புதுச் சதை கட்டப் புரதம் வேண்டும். எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. உங்கள் அப்பாவுக்கு 70 கிராமுக்குக் குறையாமல் வரும். முட்டை, பால், தயிர், வேகவைத்து அரைத்து வடிகட்டிய பயறு, முள் நீக்கி வேகவைத்து மசித்த மீன், ஏத்தங்காய்ப் பொடியில் பால் விட்டுக் காய்ச்சிய கூழ், மட்டிப் பழம் மசித்தது. மிளகாய், நல்லமிளகு, புளி எதுவும் இப்போது வேண்டாம், சூடும் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் அளவை ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் கரப்பான், முட்டை சூடு, தயிர் சளி என்று வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பத்தியம் சொல்வார்கள். எல்லாப் பத்தியத்தையும் கேட்டால் மனுஷன் பட்டினிதான் கிடப்பார். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

எடை குறைவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது வெளியே தெரியாது. படுக்கையில் முகத்தை அழுத்திப் பிடிக்கிற அந்த மாஸ்க், 61 கிலோ முகத்துக்குச் செய்தது. முகம் வற்றினால் உள்ளே ஆடும். கதிர் மில்லிமீட்டர்க் கணக்கில் குறிவைத்துப் போகிறது. மாஸ்க் தொளதொளவென்று இருந்தால் குறி தப்பலாம், மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் மாற்ற வேண்டி வரலாம். டெக்னீஷியனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாங்களும் பார்ப்போம்தான், ஆனால் வரிசையில் நாற்பது பேர் நிற்கிற நாளில் நோயாளியே சொன்னால் நல்லது.

வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் மரத்துப்போக வைக்கிற ஜெல், வலி மாத்திரை, தேவைப்பட்டால் மார்பின். மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயப்படாதீர்கள். டாக்டர் பார்வையில் புண் வலிக்குச் சில வாரம் கொடுத்துவிட்டு, ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற மருந்து அது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வாய் கொப்பளிக்க, ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கும் நேரம் தவிர. கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷ் வேண்டாம். புண் திடீரென்று ஒரே நாளில் மோசமானால், வெள்ளையாகப் படிந்திருந்தால், காளான் தொற்றாக இருக்கலாம். அது கதிர்ப் புண் மாதிரியே தெரியும், ஆனால் மாத்திரையில் சில நாளில் அடங்கும். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

சிஸ்பிளாட்டின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. தண்ணீர் இறங்காத உடம்பில் அதைக் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். ஊசிக்கு முந்தைய நாள் எவ்வளவு குடித்தார், சிறுநீர் எப்படிப் போகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். காதில் ரீங்காரம் கேட்டாலும் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடுராத்திரியானாலும்.

கழுத்துத் தோல் இப்போது கறுத்திருக்கும், சீக்கிரம் உரியும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வர்ம ஆசான் தந்த எண்ணெய்க் குப்பி இருக்கும். சுளுக்குக்கும் உளைச்சலுக்கும் என் தோளிலும் அது ஏறியிருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் கதிர் படுகிற கழுத்தில் தடவவும் வேண்டாம், உழியவும் வேண்டாம். டிபார்ட்மெண்டில் என்ன பூசச் சொன்னார்களோ அது மட்டும். பிளேடு வைத்துச் சவரம் செய்ய வேண்டாம்.

நெஞ்சிலிருந்து வைத்த சதையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்தே கொண்டுவந்து வைத்திருப்பார்கள், அதனால் உயிரோடு இருக்கிறது. அந்தத் தையல் ஆற நேரம் கொடுத்துவிட்டு, ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் தள்ளாமல் கதிரைத் தொடங்குவதுதான் வழக்கம். முந்தினால் காயம் பிரியும், பிந்தினால் நோய் முந்தும். நெஞ்சுத் தோலில் முடி இருந்தவர்களுக்கு வாய்க்குள்ளேயே முடி முளைத்து அருவருப்பாக இருக்கும். கதிர் பட்டதும் அது உதிர்ந்துவிடும். இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் நோயாளிகள் சிரித்துக்கொண்டே சொல்கிற ஒரே நல்ல செய்தி அதுதான்.

மணல் விஷயம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்கிற தாது இருக்கிறது, அதில் கதிர் வீசுகிற தோரியம் இருக்கிறது, இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல்தான். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அங்கே ஒருவருக்கு வருஷம் முழுக்கச் சேர்வது சராசரியாகச் சில மில்லிகிரே. அப்பாவுக்கு ஒரு தடவையில் கொடுப்பது 2000 மில்லிகிரே, அதுவும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. மெஷினை அணைத்ததும் கதிர் நின்றுவிடும், அவர் உடம்பில் எதுவும் தங்காது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மணலைவிட முறுக்கானைப் பற்றிப் பேசுங்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவர் ஐ.எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இலேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு 23 வருஷம் முன்பு. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. "பொகல சேக்கல, வெத்தலயும் பாக்குந்தான்" என்று புண் ஆறினதும் அவர் மெதுவாகத் தொடங்குவார். வலது கன்னம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி எப்போது என்ன ஆறும்? புண் சிகிச்சை முடிந்து மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் மூடிவிடும், சிலருக்கு இரண்டு மாதம்வரை போகும். ருசி மெதுவாக வரும், சில மாதம், சிலருக்கு ஒரு வருஷம். எச்சில்தான் பிரச்சினை. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் கதிரை மற்றவைபோலத் தாங்குவதில்லை, முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்கும். இடது பக்கச் சுரப்பி முழு அளவு வாங்கியிருக்கும். வலது பக்கத்தை எவ்வளவு தப்பவைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு வருஷத்தில் கொஞ்சம் திரும்பும். முழுசாக எல்லோருக்கும் திரும்புவதில்லை. சின்னத் தண்ணீர்க் குப்பி சட்டைப்பையில் நிரந்தரமாகிவிடும்.

எச்சில் இல்லாத வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும். இங்கேதான் ஆயுசுக்கும் மறக்கக் கூடாத ஒன்று. கதிர் பட்ட தாடையெலும்பில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைபட்டுக்கொண்டே போகும். அதற்குக் காலக்கெடு கிடையாது. அஞ்சு வருஷம் கழித்து ஏதோ ஒரு பல் வலிக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கினால், அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்து வெளியே தெரியும் நிலை வரலாம். கதிருக்கு முன்னாலேயே கெட்ட பல்லை எடுத்துவிடுவது அதனால்தான். இனி எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறக்கும் முன் "கரண்டு வச்ச தாடை" என்று சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு போடச் சொன்னால் தவறாமல் போடுங்கள்.

வாய் திறப்பதை இன்றிலிருந்தே கவனியுங்கள். அவருடைய மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி உள்ளே வைத்தால் போக வேண்டும். இரண்டாகச் சுருங்கினால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கி ஒவ்வொன்றாகக் கூட்டித் திறக்கிற பயிற்சி சொல்லித் தருவார். கதிர் பட்ட தசை மாதக்கணக்கில் நாராகிக்கொண்டே வரும், ஒரு வருஷமாவது பயிற்சி தேவை. கழுத்துக்கும் தோளுக்கும் அதேபோல. நெறிக்கட்டி எடுத்தபோது தோளைத் தூக்குகிற நரம்பு இழுபட்டிருந்தால் இடது கை காதுக்கு மேல் போகாது. பால் வெட்டுக்குத் திரும்ப நினைக்கிற மனுஷனுக்கு இது கன்னத்தைவிடப் பெரிய கவலையாகிவிடும். முதல் ஆறு மாதம் கையை விட்டுவிட்டால் தோள் இறுகிப்போகும். தைராய்டு ரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கழுத்தில் கதிர் வாங்கியவர்களில் பலருக்குக் கொஞ்ச காலம் கழித்து அது குறையும். களைப்பு, குளிர், உடம்பு ஊதுவது எல்லாவற்றையும் "கரண்டு வச்சதுனாலதான்" என்று விட்டுவிடுவார்கள், ஒரு மாத்திரையில் தீரக்கூடியது.

முதல் இரண்டு வருஷம் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் திரும்பும். முடிந்த உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். ஆறுகிற சதையும் ஸ்கேனில் நோய் மாதிரியே ஒளிரும், மூன்று மாதமாவது போகட்டும்.

மீன்கறி? சாப்பிடுவார். முதலில் தேங்காய் அரைத்து, மிளகாய் கிள்ளிப் போட்டும் போடாமலும் வைத்த சாளைக் கறியைச் சோறு குழைத்து, நடுவில் தண்ணீர் குடித்துக் குடித்து. எரிகிறது என்பார், இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பார். ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய காரத்தில் பாதிவரை வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புளிமுளம் வேண்டும் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

நாளைக்கு 19. கிளம்பும் முன் எடை பாருங்கள், டியூப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மாஸ்க் ஆடுகிறதா என்று அப்பாவிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.